புல்லில் கீறிய அறை

டபிள் பிறிக்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டடம் கட்டுகிற ஜோர்ஜ் வந்து தன் வான் வண்டியைவிட்டு இறங்கியதும் டபிள் பிறிக் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவன் போய் அத்திவாரம் வெட்டட்டும், நான் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். சொல்லிவிடுவேன். ஆனால் போன சனிக்கிழமையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு இதே பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து இதே புல்லில் போட்டுக்கொண்டு இருந்தேன், அவன் வந்து ‘சொல்லு பாரா, எது?’ என்று கேட்டதும் வாய் தானாக ‘இன்னும் ஒரு கிழமை தா’ என்றது. பரராசசிங்கம் என்ற என் முழுப் பெயர் இந்தச் சிட்னியில் தமிழர் அல்லாத யார் வாயிலும் நுழையாது, பாராவோடு நின்றுவிடும். இன்றைக்குத் தவணை சொல்ல முடியாது. திங்கட்கிழமை மண் வெட்டுகிற மெஷின் வருகிறது. இரண்டு செங்கல் சுவரைத் தாங்க அத்திவாரம் அகலமாக வேண்டும், ஒற்றைக்கு அவ்வளவு வேண்டாம், ஆகவே இன்றைக்கே ஒன்றைச் சொல்லு, இல்லையென்றால் மெஷினை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று நேற்று ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டு சொல்கிறவன்தான் சொன்னபடி செய்வான். வீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டிக் கட்டப்போகிற அறைக்கு அவன் செம்மஞ்சள் பெயின்றால் புல்லில் கீறிவிட்டுப் போன கோடுகளுக்குள்தான் இப்போது இருக்கிறேன். இது சுவர், இது யன்னல், இந்த இடைவெளி கதவு. கோட்டை மிதித்துக்கொண்டு வந்தால் யார் கேட்கப் போகிறார்கள், ஆனாலும் நான் கதிரையோடு சுற்றிவந்து கதவால்தான் உள்ளே வருகிறேன். முதல் நாள் அதைக் குசினி யன்னலால் பார்த்த என் மனைவி யோகம் ‘கதவுத் திறப்பை மறந்திட்டியளோ?’ என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்தாள். சிரிக்கட்டும். சுவர் என்று ஒன்றைக் கீறிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

டபிள் பிறிக்குக்கும் வெனியருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் இப்போது பிரசங்கமே செய்வேன். டபிள் பிறிக் என்றால் வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே இன்னொரு செங்கல் சுவர், நடுவில் காற்றுக்கு ஒரு இடுக்கு. தட்டினால் விரல்தான் நோகும். வெனியர் என்றால் வெளியே மட்டும் செங்கல், உள்ளே மரச் சட்டம், சட்டத்தின் மேல் அட்டை, அட்டையின் மேல் பெயின்ற். ரோட்டில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே கோட்டும் உள்ளே கிழிந்த பெனியனும் போட்ட மாப்பிள்ளையைப் போல, கையை வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அதனால்தான் கையை வைத்துப் பார்க்கிறேன். கொஞ்ச நாளாகக் கண்ட சுவரையெல்லாம் தட்டுகிறேன். டொக்டரிடம் போயிருந்தபோது காத்திருக்கிற இடத்துச் சுவரைத் தட்டினேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் ‘உள்ளே வாருங்கள்’ என்றது. வெனியர்கூட இல்லை, வெறும் அட்டை. எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்கு ஒன்றுக்குப் போன இடத்தில் மேடைக்குப் பின்சுவரை நான் தட்டுவது வீடியோவில் விழுந்துவிட்டதாம், பெரியவளான பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறார்கள், பின்னால் ஒரு கிழவன் சுவரில் காது வைத்துக்கொண்டு நிற்கிறான். யோகம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நல்ல சுவர் எது என்று எனக்குத் தெரியும். என் பழைய சிநேகிதர் குணநாயகத்தின் வீட்டுச் சுவர் நல்ல சுவர். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வீடு, ரெயில் போவது யன்னலில் தெரியும், காதில் விழாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உலகமே இல்லை. ‘பார் பரா, என்ன அமைதி’ என்று அவர் சுவரைத் தடவிக் காட்டுவார், நான் வயிறெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவேன். இப்போது குணநாயகம் இல்லை. போன குளிருக்குப் போய்விட்டார். அதை விடுவோம். வீடு நல்ல வீடு.

எனக்குச் சுவர்ப் பைத்தியம் பிடித்தது இப்போது இல்லை, வெள்ளவத்தையிலேயே பிடித்துவிட்டது. கலியாணம் முடித்துக் கொழும்பில் எடுத்த முதல் வாடகை அறை. அறை என்று சொன்னால் அறைக்கு வெட்கம். வீட்டுக்காரர் சின்னத்துரை ஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர், தன் ஹோலை நடுவால் பலகை அடித்து மறித்து ஒரு பாதியை எங்களுக்குத் தந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில், இந்தப் பக்கம் எங்களுடையது. அவர் கொட்டாவி விட்டால் யோகம் இங்கே கொட்டாவி விடுவாள். நல்ல மனிசன். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கொன்றது. புதுசாக் கட்டினதுகள் என்று எங்கள் மேல் இரக்கப்பட்டு, நாங்கள் விளக்கை அணைத்ததும் அவர் ரேடியோவை உரக்கத் திருகிவிடுவார். உதவி செய்வதாக நினைப்பு. ஆனால் அவர் ரேடியோ சத்தம் கூடினால் ஒழுங்கை முழுக்க விசயம் விளங்கிவிடும். அடுத்த வீட்டுப் பெண்கள் காலையில் கிணற்றடியில் யோகத்தைப் பார்த்துக் குறுநகை செய்வார்கள். அவள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க ஐயாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை, அவருடைய செருப்பைப் பார்த்துத்தான் வாடகைக் காசைக் கொடுப்பாள். நாங்கள் சண்டைபிடிக்கப் பழகினதும் அங்கேதான், அதனால் குசுகுசுத்தே பழகிவிட்டோம். இன்றைக்கும் எங்களுக்கு உரத்துச் சண்டை வராது. எங்கள் மகள் மயூரி சின்னவளாக இருக்கும்போது நாங்கள் சத்தமாகக் கதைத்தால் நிம்மதியாக விளையாடுவாள், மெல்லமாகக் கதைத்தால் அழத் தொடங்கிவிடுவாள், அம்மாவும் அப்பாவும் கோபம் என்று. இப்போது அவளும் புருசனும் எங்கள் வீட்டின் பின்னறையில் குசுகுசுக்கிறார்கள். வாடகை ஏறியதால் தங்கள் இடத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்துசேர்ந்தவர்கள். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போக, உள்ளே சிரிப்பு ஒன்று சட்டென்று வாய்பொத்தி அடங்கியது. என் சொந்தப் பிள்ளை, என் சொந்த வீட்டில், என் காலடிச் சத்தம் கேட்டு வாயைப் பொத்துகிறாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், என் மகளுக்கு ஒரு சுவர் கொடுக்கவேண்டும், அவள் சிரித்தாலும் கத்தினாலும் யாருக்கும் கேளாத சுவர். எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பார்கள். நான் கொடுத்தது ஒரு கலியாண மண்டபச் சாப்பாடும் கொஞ்ச நகையும். இந்த அறைதான் நான் கொடுக்கப்போகிற வீடு.

ஆனால் அவளோ வெனியர் என்கிறாள். அதுதான் இவ்வளவு நாளும் என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. ‘அப்பா, வெனியர் போதும்’ என்று முதல் நாளே சொன்னாள், ஜோர்ஜுக்கு முன்னாலேயே சொன்னாள், அவன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அவன் லெபனான்காரன், அவர்களுக்கும் சுவர் என்றால் செங்கல்தான். காசு மிச்சம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும், சின்னவயதிலிருந்தே அப்படி, ஐஸ்கிரீம் வாங்கப்போனால் விலையைப் பார்த்துவிட்டுத் ‘தொண்டை நோகுது’ என்பாள். இத்தனைக்கும் மற்ற விசயங்களில் கை தாராளம். கதவு அகலமாக வேண்டுமாம். வாசலில் படி கூடாதாம், வீட்டுத் தரையும் அறைத் தரையும் ஒரே மட்டமாக வேண்டுமாம். குளிக்கிற இடத்தில் வழுக்காத ஓடு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. இதையெல்லாம் அவள் ஜோர்ஜுக்குச் சொல்லச் சொல்ல நானும் யோகமும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அகலக் கதவு எதற்கு? பிள்ளையைப் படுக்கவைத்துத் தள்ளுகிற பிறாம் வர. படி ஏன் கூடாது? அதற்கும் பிறாம்தான். கம்பி எதற்கு? வயிற்றுப் பிள்ளைக்காரி குளியலறையில் வழுக்கலாமா? அன்றைக்கு இரவு விளக்கணைத்த பிறகு யோகம் என் காதுக்குள் ‘மூண்டு மாதம் முடியட்டும், அவளாச் சொல்லுவாள், நீங்கள் வாயைத் திறக்கப்படாது’ என்றாள். திறப்பேனா? மூன்று மாதம் ஆகாமல் வெளியில் சொல்லமாட்டார்கள், சொல்லாத ஒன்றைப் பெற்றவர்கள் கேட்கவும் மாட்டார்கள், அது கண்ணூறு. கேட்கவில்லை. ஆனால் யோகம் மறுநாளே கடைக்குப் போய்ப் பிள்ளைபெற்றவளுக்குக் கொடுக்கிற காயச்சரக்கு வாங்கி வந்து, வறுத்து, இடித்து, போத்தலில் அடைத்து, அலுமாரிக்கு மேலே பழைய சேலைகளுக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள். எங்கள் படுக்கையறை முழுக்க மல்லியும் மஞ்சளும் மிளகும் மணக்கிறது. மயூரி ஒரு நாள் உள்ளே வந்து மூக்கைச் சுளித்து ‘என்னம்மா, இஞ்சையோ சமைக்கிறியள்?’ என்றாள். நானும் யோகமும் சிரிப்பை அடக்கப் பட்டபாடு.

அதனால் டபிள் பிறிக். ஆனால் பிள்ளை அழுதால்? இங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டுப்படுகிறேன். புது அறையில் அவர்கள் படுத்தால் பின்னறை பிள்ளைக்கு, இந்த நாட்டில் பச்சைக் குழந்தையைத் தனியறையில்தான் போடுகிறார்கள், நடுவில் இரட்டைச் செங்கல் என்றால் குழந்தை கத்துவது தாய்க்குக் கேளாதே. கேளாவிட்டால் என்ன, எங்களுக்குக் கேட்கும், முன்னறையிலிருந்து யோகம் ஓடுவாள். இல்லை, மயூரி அப்படித் தனியே போடமாட்டாள், அவளை நாங்கள் நடுவில் போட்டுத்தான் வளர்த்தோம். சரி, பிள்ளை நடுவில். அப்படியென்றால் டபிள் பிறிக்தான். கறையானுக்கும் டபிள் பிறிக்தான் நல்லது, மரச் சட்டம் என்றால் கறையானுக்கு விருந்து. ஆனால் இரட்டைச் சுவர் உள்ளே இடத்தைத் தின்னும், தொட்டில் வைக்க இடம் போதுமோ? எழும்பித் தொட்டில் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தேன், போதும். மருமகனைக் கேட்டால் ஒரு புண்ணியமும் இல்லை. கோபிச்செட்டிபாளையத்துப் பிள்ளை, பெயர் பூபதி. எங்கள் ஊரில் பூபதி என்றால் பெண்பிள்ளைகளின் பெயர், என் சின்னம்மாவுக்கும் அதே பெயர்தான், சம்பந்தம் பேசிவந்தபோது யோகம் ‘மாப்பிள்ளையின்ர பேரைக் கேட்டனான், தாயின்ர பேரை இல்லை’ என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். தங்கமான பொடியன். எதைக் கேட்டாலும் ‘உங்க இஷ்டமுங்க மாமா’ என்பான். ‘சத்தம் கேளாத சுவர் வேண்டாமா தம்பி?’ என்றேன் ஒரு நாள், சாடையாக, ஆம்பிளைக்கு ஆம்பிளை. முகம் சிவந்து ‘மயூரி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குதுங்க மாமா’ என்று சொல்லிவிட்டுக் காரைக் கழுவப் போய்விட்டான், அது முதல்நாள்தான் கழுவின கார். என்ன நியாயம்? குணநாயகத்தின் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும், ஒரு பொட்டுச் சத்தம், ஒரு குண்டூசி விழுந்தாலும், விழுந்தாலும் கேளாது. இல்லை, அதை விடுவோம். பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டத் தொடங்கிவிட்டான். ஜோர்ஜ் இன்னும் வரவில்லை. டபிள் பிறிக், டபிள் பிறிக், சொல்லிப் பழகுகிறேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதைப்போல.

பின்கதவு திறந்தது. மயூரி இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு, நித்திரை கலையாத முகத்தோடு, நேரே சுவருக்குள்ளால் நடந்து வந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலைசெய்கிற கால், சனிக்கிழமையில்தான் மெல்லமாக நடக்கும். வயிற்றைப் பார்க்கக்கூடாது என்று கோப்பையைப் பார்த்தேன். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, அவள் யன்னல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மற்றதைக் குடித்துக்கொண்டே ‘அப்பா, யன்னலைக் கொஞ்சம் இஞ்சாலை தள்ளச் சொல்லுவமோ? அம்மாவுக்குப் பேப்பர் வாசிக்க வெளிச்சம் வேணுமெல்லே’ என்றாள்.

‘அம்மா ஏன் இஞ்சை வந்து பேப்பர் வாசிக்கப்போறா?’

‘பின்னை எங்கை வாசிக்கிறது? உங்கட அறையிலைதானே.’

‘எங்கட அறை முன்னுக்கெல்லே கிடக்கு.’

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ‘அப்பா, இது உங்களுக்கு. உங்களுக்கும் அம்மாவுக்கும்.’

‘எங்களுக்கோ?’

‘வேறை ஆருக்கு? எங்களுக்கு ஏனப்பா புது அறை? வயசுபோன காலத்திலை நீங்கள் நல்ல அறையிலை, குளியலறையோடை, படி ஏறாமல் இருக்கவேணும் எண்டெல்லோ கட்டுறம்.’

‘அப்ப உந்த அகலக் கதவு?’

‘அம்மாவின்ர முழங்கால் இன்னும் மோசமாப் போனா, பிடிச்சு நடக்கிற பிறேம் போகவேணுமே.’

‘கம்பி?’

‘உங்களுக்கு.’

‘நான் பிறாமுக்கு எண்டு நினைச்சன்’ என்று வாய் சொல்லிவிட்டது. யோகம் திறக்கப்படாது என்ற வாய். குசினிக்குள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது, யன்னலுக்குப் பின்னால் யோகம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மயூரி கோப்பைக்குள் பார்த்தாள். ‘அப்பிடி ஒண்டும் இல்லையப்பா’ என்றாள் மெல்லமாக, ‘இருந்தா முதல் உங்களுக்குத்தான் சொல்லியிருப்பன்.’

இல்லை. சரி. இல்லையென்றால் இல்லை, வரும்போது வரும், அவளிடம் முகத்தைக் காட்டக்கூடாது, தேத்தண்ணியைக் குடி, சூடு, நாக்குச் சுட்டுவிட்டது, நல்லது, கண் கலங்கினதற்கு அதைச் சொல்லலாம். ஆனால் கலங்கினது அதற்கு மட்டுமா? கம்பி எனக்கு. வழுக்காத ஓடு எனக்கு. நான் இவ்வளவு நாளும் தொட்டில் வைத்துப் பார்த்த மூலையில் என்னுடைய மருந்துப் பெட்டி இருக்கப்போகிறது. இந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாலையும் காலையும் என் மகளின் அறைக்குள் இருப்பதாக நினைத்து இருந்தது முழுக்க என் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறேன். வேலைக்குப் போய், தபால் பிரித்து, ஓவர்டைம் செய்து வாங்கின வீடு, முன்னறை யன்னலால் ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற என் கட்டில், அதிலிருந்து என்னைப் பின்வளவுக்குத் தள்ளுகிறார்கள். கோபம் வந்தது. வந்த கோபம் சுவரில்தான் போய் முட்டியது. ‘அதுதானே வெனியர் போதும் எண்டனீ’ என்றேன். ‘உனக்கு எண்டு நினைச்சு நான் டபிள் பிறிக் எண்டு நிண்டன். கிழடுகளுக்கு எண்டா அட்டை போதும் என்ன?’ குரல் தணிந்துபோனது எனக்கே தெரிந்தது, குசுகுசுவென்று வந்தது. அவள் சின்னவயதில் கேட்டு அழுவாளே, அதே குரல்.

மயூரி அழவில்லை. கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் குந்தினாள். ‘அப்பா, குணநாயகம் மாமா எங்கை விழுந்தவர்?’ என்றாள். பதிலையும் அவளே சொன்னாள். ‘குளியலறையிலை. மகன் எங்கை படுத்திருந்தவர்? பக்கத்து அறையிலை. விடியத்தான் கண்டவை. அவர் கூப்பிட்டிருப்பாரப்பா. அந்தச் சுவரிலை தட்டியும் இருப்பார். கேட்டிருக்காது.’ பக்கத்து வீட்டுக்காரனின் மெஷின் நின்றுவிட்டிருந்தது. நான் இத்தனை நாளும் போகாமல் திரும்பி வந்துகொண்டிருந்த இடத்துக்கு அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த நல்ல வீடு, நல்ல சுவர், குண்டூசி விழுந்தாலும் கேளாது, குணநாயகம் விழுந்தாலும் கேளாது. ‘நீங்கள் இரவிலை எழும்பிப் பாத்றூமுக்குப் போறனீங்கள்’ என்றாள் அவள், ‘எனக்கு உங்கட செருப்புச் சத்தம் கேக்கும். போற சத்தம், பேந்து தண்ணி இழுக்கிற சத்தம், பேந்து திரும்பி வாற சத்தம். திரும்பி வாற சத்தம் கேட்டாப்பிறகுதான் நான் கண்ணை மூடுவன். பூபதிக்கும் தெரியும். நாங்கள் முன்னறையை எடுக்கேல்லை, அது வாறவை போறவைக்குக் கிடக்கட்டும். நாங்கள் பின்னறையிலைதான், இந்தச் சுவருக்கு அங்காலைதான் இருப்பம். அதுக்கு நடுவிலை நீங்கள் ரெண்டு செங்கலை வைச்சா நான் என்னெண்டு படுக்கிறது?’

நான் செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நடக்கிறேன். சத்தம் போடக்கூடாது, வேலைக்குப் போகிற பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று, சுவரைத் தடவிக்கொண்டு, விளக்குக்கூடப் போடாமல். ஒருத்தரும் எழும்பவில்லை, கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவந்து படுப்பேன். ஒவ்வொரு இரவும் அங்கே ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறாள். எப்போதிருந்து? குணநாயகம் போனதிலிருந்தா, அதற்கும் முந்தியா? கேட்கவில்லை, கேட்டால் நான் அழுதுவிடுவேன். வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பிள்ளை என்னைப் பின்வளவுக்குத் தள்ளவில்லை, தன் காதுக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கிறாள். நான் அவளுக்குப் புது அறை என்று ஓட, அவள் எனக்குப் புது அறை என்று ஓட, இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் நின்று முட்டுப்பட்டிருக்கிறோம், ஒருத்தராவது வாயைத் திறந்து யாருக்கு என்று கேட்டிருந்தால் ஜோர்ஜுக்கு இத்தனை சனிக்கிழமை வீண்போயிராது. எங்கள் ஆட்கள் கேட்கமாட்டோம். நல்லதைக் கேட்டால் கண்ணூறு, கெட்டதைக் கேட்டால் அபசகுனம், எல்லாவற்றையும் ஊகித்தே வாழ்ந்துவிடுவோம். ஆனால் இளசுகள் அந்தப் பக்கம், மெல்லிசுச் சுவர், அவர்கள் சிரித்தால்? அப்படியென்றால் இனி நான்தான் சின்னத்துரை ஐயாவா? கடவுளே. ரேடியோவைத் தொடவே கூடாது. அவர்கள் சிரித்தால் நான் குறட்டை விடவேண்டும், நல்ல பலத்த குறட்டை, கிழவன் செத்தமாதிரித் தூங்குகிறான் என்று அவர்கள் நம்புகிற குறட்டை. இன்றைக்கிலிருந்து பழகவேண்டும். மயூரி எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, ‘ஏனப்பா சிரிக்கிறியள்?’ என்றாள். சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

ஜோர்ஜின் வான் வந்து நின்றது. அவன் பின்பக்கமாக வந்து, கோட்டுக்கு வெளியே நின்று, பெனியனில் கையைத் துடைத்துக்கொண்டு ‘சொல்லு பாரா, எது?’ என்றான்.

‘வெனியர்.’

அவன் மயூரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ‘ஒரு மாதமாகச் செங்கல் செங்கல் என்று என் உயிரை வாங்கினாயே! என் அப்பாவின் வீட்டுச் சுவரைத் தட்டிப்பார்க்கக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாயே!’

‘வெனியர்தான், ஜோர்ஜ். மகளின் அறைப் பக்கம் வருகிற சுவரில் சத்தத்தை அடக்க ஏதோ பஞ்சு வைப்பாய் என்றாயே, அதுவும் வேண்டாம். எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசு.’

‘நீ பணம் கொடுக்கிறாய், நீ சொல்வது சட்டம்’ என்று தோளைக் குலுக்கிவிட்டு அளவுநாடாவை இழுத்தான். மயூரி அதன் மற்ற முனையைப் பிடிக்கப் போனாள். யோகம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. அலுமாரிக்கு மேலே இருக்கிற போத்தலைப் பற்றி இப்போது பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும், நான் பேசமாட்டேன். அவள் கோட்டைச் சுற்றிக்கொண்டு கதவால் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, தன் அறையை முதல்முறையாகப் பார்த்தாள். மயூரி நாடாவைப் பிடித்துக்கொண்டு ஜோர்ஜிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். வாயைப் பொத்தாத சிரிப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாவம் பிள்ளை, அந்தச் சுவருக்குள்ளால் தனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மெல்லிசுச் சுவர் இரண்டு பக்கமும் மெல்லிசுதானே. அவள் இருமினால் எனக்குக் கேட்கும். புருசனோடு கோபித்துக்கொண்டு அழுதால் கேட்கும். கெட்ட கனவு கண்டு எழும்பினால், தண்ணி குடிக்கப் போனால், எப்போதாவது ஒரு நாள் அங்கே ஒரு பச்சைக் குழந்தை குரல் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் முதல் எனக்குத்தான் கேட்கும்.

‘கட்டிலை எப்பிடிப் போடப்போறியள்?’ என்றாள் யோகம்.

‘தலைமாடு அந்தச் சுவரோடை.’

அவள் திரும்பி வெயிலைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், விரலால் திசையைக் கணக்குப்போட்டாள். ‘விசரே உங்களுக்கு? அது வடக்கெல்லே. வடக்கை தலை வைச்சு ஆராவது படுப்பினமோ?’

‘அங்காலை பிள்ளை படுத்திருப்பாள்’ என்றேன்.

யோகம் அதற்குப் பிறகு திசையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.